பீச்சே முட், அபௌட் ஃபேஸ்: இருவகை மாணவர் கவாத்து

இந்தியாவில் 1948இல் தொடங்கப்பட்ட தேசிய மாணவர் படையும் (என்.சி.சி.), 1916ஆம் ஆண்டின் சட்டத்தால் அமெரிக்காவில் உருவான ஜே.ஆர்.ஓ.டி.சி. என்ற பள்ளி மாணவர் படைப் பயிற்சித் திட்டமும் மாணவர்களுக்குக் கவாத்துப் பயிற்சி அளிக்கின்றன. நிமிடத்துக்கு 120 காலடி, ஒரு காலடிக்கு 30 அங்குலம் என்ற விரைவுநடைக் கணக்கும் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் நமது கவாத்து பிரிட்டிஷ் படையிலிருந்து வந்தது. அமெரிக்கக் கவாத்துக்கு 1778இல் வேலி ஃபோர்ஜ் முகாமில் பிரஷ்ய அதிகாரி ஸ்டூபன் அமெரிக்க விடுதலைப் படைக்கு அளித்த பயிற்சியே அடித்தளம். ஆகவே நம் கவாத்தில் காலை ஓங்கி வைப்பதால் தரை அதிரும். அங்கே பெரும்பாலும் ஓசை எழாது.

இவ்வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரிவது பின்புறம் திரும்புவதில்தான். "பீச்சே முட்" (பின்னால் திரும்பு) என்றதும் என்.சி.சி. மாணவர் வலது குதிகால் மீதும் இடது முன்பாதத்தின் மீதும் வலப்புறமாக 180 பாகை சுழன்று, பிறகு இடது காலைத் தூக்கி வலது காலருகே ஓங்கி வைக்கிறார். அமெரிக்க மாணவரோ "அபௌட் ஃபேஸ்" என்றதும் வலது கால்விரலை இடது குதிகாலுக்குப் பின்னால் அரைப்பாத தூரத்தில், சற்றே இடப்புறம் தள்ளி ஊன்றி, அப்படியே வலப்புறமாகச் சுழல்கிறார். சுழற்சி முடியும்போது குதிகால்கள் தாமாகவே சேர்ந்துவிட வேண்டும். ஊன்றிய இடம் சிறிது பிசகினாலும் உடல் தள்ளாடும், அதைச் சரிசெய்ய அடுத்த அசைவு கிடையாது. நம் முறையில் காலைத் தூக்கி வைக்கும் அந்த நொடியில் நிலையை மீட்டுக்கொள்ளலாம். முப்பது பேரில் யார் பிந்தினார் என்பதைப் பயிற்றுநர் காதாலேயே அறியலாம். புதியவர்கள் நிறைந்த பெரிய அணிக்கு நம் முறையே பொருத்தம் என்பேன். ஆனால் சிமென்ட் தரையில் நாள்தோறும் காலை ஓங்கி வைக்கச் செய்வது வளரும் பிள்ளைகளின் முழங்காலுக்கு நல்லதன்று. மண்தரையில்தான் பழக்க வேண்டும்.

கை வீச்சும் மாறுபடும். நாம் தோள் உயரம் வரை வீசுகிறோம். அவர்கள் முன்னால் 9 அங்குலமும் பின்னால் 6 அங்குலமும் மட்டுமே வீசுகின்றனர்.

சல்யூட்டைப் பொறுத்தவரை, இந்தியத் தரைப்படை முறையில் உள்ளங்கை எதிரில் நிற்பவருக்குத் தெரியும். அமெரிக்க முறையில் அது கீழ்நோக்கி மறைந்திருக்கும். இதை நாட்டுக்கு நாடு உள்ள வேறுபாடாக மட்டும் கொள்ள இயலாது. இந்தியக் கடற்படையிலும் உள்ளங்கை கீழ்நோக்கியே இருக்கிறது, விமானப்படை 2006இல் 45 பாகைச் சாய்வை ஏற்றது.

கட்டளையில் இரு முறைகளும் ஒத்துப்போகின்றன. "தேஸ் சல்" (விரைந்து நட) என்ற கட்டளையில் "தேஸ்" என்பதை நீட்டி, சற்று நிறுத்தி, "சல்" என்று வெட்டிச் சொல்வதைப் போலவே அங்கும் "ஃபார்வர்ட்" நீண்டு, "மார்ச்" தெறிக்கிறது. அந்த இடைவெளியைப் பயிற்றுநர் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் விடாவிட்டால், எந்த முறையில் பழகிய அணியானாலும் முதல் காலடியிலேயே கலைந்துவிடும்.