செமிகண்டக்டிங் நானோட்யூப் இங்க்: பிலிம் போட்டா ஒளி வருதா?

டொலுயீன்ங்கற கரைப்பான்ல வர்ற, பிஎஃப்ஓங்கற பாலிமர் சுத்தின கார்பன் நானோட்யூப் (கார்பன் அணுக்களால ஆன ரொம்ப மெல்லிய குழாய்) இங்க் ஒரு பாட்டில் வாங்கி நாலு மாசம் ஆச்சு. நான் வாங்கினது டிரான்சிஸ்டருக்கு இல்லங்க, சிலிக்கான் சிப் மேல பிலிமா போட்டு 1300 நானோமீட்டர் பக்கம் ஒளி எடுக்க. சிலிக்கானுக்கு சொந்தமா நல்லா ஒளி விடத் தெரியாது, ஆனா இந்த அலைநீளம் அதுக்குள்ள தாராளமா போகும், அதான் ஆசையே.

செமிகண்டக்டிங் ட்யூப் மட்டும் இருக்கான்னு பாத்தா, சுத்தம் பத்தி குறையே இல்ல. சும்மா வளர்த்த ட்யூப்ல மூணுல ஒண்ணு மெட்டாலிக்கா (உலோகம் மாதிரி கரண்ட் கடத்துறது) இருக்கும், அது பக்கத்துல ஒட்டிட்டு இருந்தா மத்த ட்யூப்போட ஒளியையும் அணைச்சிடும். 2002ல ரைஸ் யுனிவர்சிட்டில சோப்புத் தண்ணில தனித்தனியா பிரிச்சு வச்ச அப்புறம்தான் இதோட ஃப்ளூரசன்ஸே (ஒளி பட்டா திரும்ப ஒளி விடறது) தெரிஞ்சுது. இந்த இங்க்கோட ஸ்பெக்ட்ரம்ல மெட்டாலிக் ட்யூப்போட பீக் கண்ணுல படவே இல்ல, 730 நானோமீட்டர் லேசர் அடிச்சா (8,6), (8,7)னு ரெண்டு ட்யூப் வகை (கார்பன் அமைப்பை வச்சு வர்ற நம்பர்), முதலாவது 1200 நானோமீட்டர் பக்கமும் ரெண்டாவது 1300க்கு கொஞ்சம் முன்னாடியும் ரெண்டு பீக்கா அழகா வருது. பாத்தப்போ அவ்ளோ சந்தோஷம்.

பிரச்சனை பிலிம்லதான். சொட்டு விட்டு காய வச்சேன், எல்லாம் ஓரத்துல வளையமா போயி நடுவுல ஒண்ணுமே இல்ல. ஸ்பின் கோட்டிங்ல (சிப்பை வேகமா சுத்த விட்டு இங்க்கை பரப்புறது) லேயர் லேயரா போட்டா சரியாகுது. ஆனா கூட வர்ற பேப்பர்ல மிச்ச பாலிமரை டொலுயீன் ஊத்தி கழுவச் சொல்றாங்க, நானும் நம்பி கழுவினேன், ஒளி பாதிக்கு மேல குறைஞ்சு பீக் அகலமாகி நீள அலைநீளம் பக்கம் நகர்ந்துடுச்சு. கரண்ட் ஓடணும்னா கழுவறது சரிதான், பாலிமர் நடுவுல இருந்தா தடை. ஒளிக்கு அது நேர் எதிர், அந்த பாலிமர்தான் ட்யூப்பை ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம தள்ளி வைக்குது, எடுத்துட்டா கத்தையா சேர்ந்து எனர்ஜி எல்லாம் பெரிய விட்டம் இருக்குற ட்யூப்புக்கு ஓடிப்போயிடுது. இத ஒரு வரி எழுதியிருக்கலாம்ல, எனக்கு ரெண்டு வாரம் வீணா போச்சு.

இன்னொண்ணு, ரெண்டு மாசத்துல பாட்டில் அடியில கருப்பா படியுது. பாத் சோனிகேட்டர்ல (ஒலி அலையால அதிர வைக்கிற தண்ணித் தொட்டி) கொஞ்ச நேரம் வச்சு, சென்ட்ரிஃப்யூஜ் பண்ணி மேல இருக்குறத மட்டும் எடுங்க. இங்க்குக்குள்ளயே முனையை விடற டிப் சோனிகேட்டர் வேண்டாம், ட்யூப் உடைஞ்சு சின்னதாகி ஒளி இன்னும் குறையும்.

சாதா சிலிக்கான் கேமராவுல இது தெரியாது, இந்த அகச்சிவப்பு ஒளியைப் பாக்குற இண்டியம் காலியம் ஆர்செனைடு டிடெக்டர் கையில இருந்தா மட்டும் வாங்குங்க. நான் அடுத்த தடவையும் இதேதான் வாங்குவேன், ஆனா சின்ன பாட்டிலா.