சின்ன பிரைவேட் டேமுக்கு எந்த ரேட்டிங் முறை சரி?

கேஎல் (கோலாலம்பூர்) சுத்தி பழைய எஸ்டேட் நிலத்துல வெள்ளத்தண்ணிய புடிச்சு வச்சு மெதுவா விடற மண் பண்டு (சின்ன மண் அணை) ஏதாச்சும் இருந்தா, கீழ இருந்த ரப்பர் மரம் எல்லாம் போயி இப்ப டபுள் ஸ்டோரி வீடா நிக்கும், ஆனா பண்டு மட்டும் அதே நிலத்துக்காரர் பொறுப்புலதான் இருக்கும். ஒடஞ்சா எவ்ளோ ஆபத்துன்னு பாத்து இத எந்த கிளாஸ்ல போடறது? மூணு முறைய வச்சுப் பாப்போம்.

முதல்ல சைஸ். ஐகோல்டு (பெரிய அணைகளுக்கான சர்வதேச அமைப்பு) கணக்குல 15 மீட்டர் உயரம் இருந்தா பெரிய டேம், இல்ல 5லேர்ந்து 15 மீட்டருக்குள்ள இருந்து 30 லட்சம் கன மீட்டருக்கு மேல தண்ணி புடிக்கணும். நம்ம பண்டு கிட்டயே வராது. ஆனா 1977ல ஜார்ஜியாவுல ஒடஞ்ச கெல்லி பார்ன்ஸ் டேமும் இந்தக் கணக்குல பெரிய டேம் இல்லதான், 39 பேர் செத்தாங்க. "சின்னதுதானே"ன்னு ஓனர் சொன்னா நம்பாதீங்க.

அடுத்து அமெரிக்கா முறை: லோ, சிக்னிஃபிகண்ட், ஹை. ஒடஞ்சா ஒரு உயிர் போக வாய்ப்பு இருந்தாலே ஹை, அவ்ளோதான். சிம்பிள், செலவு கம்மி. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க, ஹைனா டேம் மோசமா இருக்குன்னு அர்த்தம் இல்ல, ஒடஞ்சா கீழ என்ன ஆகும்ங்கறத மட்டுந்தான் அது சொல்லுது. பண்டு அடியில கசியற தண்ணி தெளிவா வருதா கலங்கலா வருதான்னு தனியாப் போயி பாக்கணும், கலங்கலா வந்தா உள்ள மண்ணு அரிச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், ஸ்பில்வேல (மிச்சத் தண்ணி வெளியேற வழி) மரம் மொளச்சிருந்தா அதுவும் தலைவலிதான்.

பேப்பர்ல தப்பா எழுதுனா என்னாகும்னு ஹவாயில பாத்தாச்சு. கா லோகோங்கற பிரைவேட் டேம் லோ லிஸ்ட்ல இருந்துச்சு, 2006 மார்ச்ல ஒடஞ்சு 7 பேர் போயிட்டாங்க. மிச்சிகன்ல ஈடன்வில்லும் பிரைவேட்தான், ஆனா ஹை. 2020 மே மாசம் ஒடஞ்சப்போ சுமார் 10,000 பேர வெளியேத்திட்டாங்க, ஒரு உயிர்கூட போகல. ஸ்பில்வே பத்தாதுன்னு முன்னாடியே சண்டை ஓடிக்கிட்டிருந்துச்சுங்கறது வேற கதை.

மூணாவது ஆஸ்திரேலியாவோட அணை அமைப்பான ஆன்கோல்டு போட்ட முறை. இதுல வெரி லோலேர்ந்து எக்ஸ்ட்ரீம் வரைக்கும் 7 படி, கீழ எத்தனை பேர் ஆபத்துல இருக்காங்க, சேதம் எவ்ளோன்னு ரெண்டையும் சேத்துப் பாக்கும். நம்ம ஊருக்கு இதுதான் சரின்னு எனக்குத் தோணுது, ஏன்னா அமெரிக்கா முறையில போட்டா இங்க வீட்டுக்கு மேல நிக்கற பண்டு முக்காவாசி ஹைதான், 5 வீடும் 500 வீடும் ஒரே பெட்டியில கெடக்கும், எத முதல்ல ரிப்பேர் பண்றதுன்னே தெரியாது. ஆனா ஒடஞ்சா தண்ணி எங்க பாயும்னு ஸ்டடி பண்ணணும், இன்ஜினியருக்குக் காசு குடுக்கணும்.

வெள்ளத்துக்குன்னே கட்டுன டேம்ல இன்னொரு சிக்கல். வெயில் நாள்ல காலியா கெடக்கும், பசங்க பந்து விளையாடுவாங்க, யாருக்கும் பயம் வராது. மழை கொட்டி நெறையறப்பதான் அதுக்கு டெஸ்ட்டே, அந்நேரம் கீழயும் ஏற்கனவே தண்ணி நிக்கும். அதனால டேம் ஒடையாமலே வர்ற வெள்ளத்துக்கும் ஒடஞ்சா வர்ற வெள்ளத்துக்கும் வித்தியாசம் எவ்ளோன்னு எடுத்து எடை போடணும். சாயங்கால மழை ஒரு மணி நேரத்துல தாமான (குடியிருப்ப) மூழ்கடிக்கற ஊர்ல ஆள வெளியேத்த டைமும் கெடைக்காது.

என்னைக் கேட்டா, அமெரிக்கா முறையில முதல்ல ஹைனு வச்சிடுங்க. கொறைக்கணும்னா ஓனர் தன் காசுல ஆன்கோல்டு ஸ்டடி பண்ணிக் காட்டட்டும். கீழ புது ஹவுசிங் ப்ராஜெக்ட்டுக்கு அப்ரூவல் குடுக்கறப்பெல்லாம் மறுபடியும் கணக்கெடுக்கணும், அந்தச் செலவ டெவலப்பர் தலையில கட்டுனா தப்பே இல்ல.