நாலு மாசம், ஏழு டிரிப், ஒரு பூனைப் பொட்டி

பூனைக்கு யார் மணி கட்டுறதுன்னு ஊரே யோசிச்சிட்டு இருக்கட்டும், நாங்க பேரையே மணின்னு வெச்சிட்டோம். அஞ்சு கிலோ இருக்கான். கூட ஒரு நாயும் உண்டு, பேரு குண்டு, இன்னும் ஒரு வயசு ஆகல. இந்த சீசன்ல நானும் வீட்டுக்காரரும் இதுங்க ரெண்டையும் கார்ல ஏத்திக்கிட்டு ஏழு டிரிப் போயிட்டு வந்தாச்சு. நாலு மாசமா யூஸ் பண்ற பூனை கேரியர் பத்தி எழுதத்தான் உக்காந்தேன், நடுவுல எங்க குடும்பக் கதையும் வரும், பொறுத்துக்கோங்க.

முதல்ல வாங்கினது துணி பேக். பார்க்க அழகு, தோள்ல மாட்டிக்கலாம், மடிச்சு அலமாரிக்குள்ள சொருகிடலாம். முதல் டிரிப்லயே மணி மூக்கால ஜிப்பை நெம்பித் திறந்து வெளிய வந்து நேரா டிரைவர் சீட்டுக்கு அடியில, பிரேக்குக்குப் பக்கத்துல போய் உக்காந்துட்டான். வண்டியை ஓரங்கட்டி அவனை இழுத்து எடுக்கறதுக்குள்ள எங்க ரெண்டு பேருக்கும் உயிர் போய் உயிர் வந்துச்சு. அன்னிக்கே முடிவு, இனி துணி பேக் வேண்டாம்.

அடுத்து வாங்கினதுதான் இப்ப இருக்கற கெட்டி பிளாஸ்டிக் பொட்டி. முன்னாடி கம்பிக் கதவு, மேல ஒரு கதவு. மேல் பாதியை கிளிப் எடுத்துட்டு அப்படியே கழட்டிடலாம், இதுக்கே முழு மார்க் போடலாம். டாக்டர்கிட்ட போனா பூனையைப் பிடிச்சு இழுக்கவே வேண்டாம், மூடியைத் தூக்கினா போதும், அவன் கீழ்ப் பாதியில படுத்தபடியே செக் பண்ணி ஊசியும் போட்டு முடிச்சிடறாங்க.

ஆனா முதல் மாசம் இந்தப் பொட்டியும் எங்களுக்கு வேஸ்ட்தான். பொட்டியைப் பார்த்தாலே மணி கட்டிலுக்கு அடியில போயிடுவான், இவர் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் துடைப்பத்தோட படுத்துக் கெடப்போம், கெளம்பற நேரத்துல சண்டை வேற, நீ சரியா பிடிக்கல, நீங்கதான் கதவைத் திறந்து வெச்சீங்கன்னு. தப்பு எங்க மேலதான். பரண்ல இருந்து பொட்டி எறங்கினா ஒண்ணு ஊசி, இல்லன்னா கார், பூனைக்கு இது கூடவா புரியாது?

அப்புறம் பொட்டியைப் பரண்ல ஏத்தறதையே விட்டுட்டோம். கதவைக் கழட்டிட்டு ஹால்ல சோபா பக்கத்துலயே வெச்சு, உள்ள என் பழைய நைட்டி ஒண்ணை விரிச்சு, சாப்பாட்டுத் தட்டையும் தினம் கொஞ்சம் கொஞ்சமா உள்ள தள்ளினேன். ரெண்டு வாரம் ஆச்சு, அவனே உள்ள போய்த் தூங்க ஆரம்பிச்சான். அப்புறம் கதவை மாட்டி பத்து செகண்ட் மூடறது, திறக்கறது. அப்புறம் தூக்கிட்டு ஒரு ரூம்ல இருந்து இன்னொரு ரூம். அப்புறம் ஸ்டார்ட் பண்ணாத கார்ல அஞ்சு நிமிஷம். இவர் கிண்டல் பண்ணார், டிரைவிங் ஸ்கூல் கூட இவ்ளோ பொறுமையா சொல்லித்தர மாட்டாங்கன்னு. கார்ல பொட்டியை முன் சீட்டுக்குப் பின்னாடி தரையில இறுக்கமா வெச்சுடுவோம், ஆடாது, மேல ஒரு துணி போட்டா கத்தலும் பாதி குறையும்.

குண்டு வேற ரகம், காரைப் பார்த்தாலே குதிப்பான், ஏறினதும் வாந்தி. குட்டிங்களுக்கு காதுக்குள்ள இருக்கற பேலன்ஸ் சமாச்சாரம் முழுசா வளர்ந்திருக்காது, நிறைய நாய்க்கு வயசு ஏற ஏறக் கொறைஞ்சிடும்னு டாக்டர் சொன்னாங்க. கெளம்பறதுக்கு மூணு நாலு மணி நேரம் முன்னாடி சாப்பாட்டை நிறுத்தினோம், இப்ப பரவால்ல.

பெரிய சண்டை இதுக்கில்ல. ஒரு இடத்துல "அஞ்சு நிமிஷம்தானே, ரெண்டும் கார்லயே இருக்கட்டும்"னு இவர் சொல்லிட்டார். வெளிய 24 டிகிரி இருந்தாலே பூட்டின காருக்குள்ள பத்து நிமிஷத்துல 34 கிட்ட வந்துடும், அரை மணி நேரத்துல 40ஐத் தாண்டிடும், ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வெச்சாலும் பெரிசா வித்தியாசம் இல்ல. நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேத்தணும். அன்னிலருந்து எங்க போனாலும் ஒருத்தர் உள்ள, ஒருத்தர் வெளிய, ஷிப்ட் போட்டுத்தான் சுத்திப் பார்க்கறோம். ஏழு டிரிப்ல நாங்க சேர்ந்து நிக்கற போட்டோ மொத்தமே மூணுதான் தேறும்.

ஒரு தடவை மட்டும் மணியை ஃப்ரெண்ட் வீட்டுல விட்டுட்டுப் போனோம். முதல் நாள் பீரோ பின்னாடி ஒளிஞ்சவன் ஒரு வாய் சாப்பிடல. பூனை ரெண்டு மூணு நாள் சேர்ந்தாப்ல சாப்பிடாம இருந்தா ஈரல்ல கொழுப்பு ஏறி சீரியஸ் ஆயிடும், அதனால எனக்கு அங்க ஒரு எடமும் ரசிக்கல. எங்க வீட்டுலயே விட்டுட்டு வந்த பொட்டியை ஃப்ரெண்ட் ராத்திரி போய் எடுத்துட்டு வந்து, அந்த நைட்டியோட வெச்சிருக்கா. காலையில போட்டோ வருது, சார் உள்ள படுத்துக்கிட்டே தட்டைக் காலி பண்ணிட்டு இருக்கார். இதே ஃப்ரெண்ட்தான் முன்னாடி ஒரு நாள் லில்லிப் பூங்கொத்தோட வந்து நின்னவ, நான் வாசல்லயே தடுத்துட்டேன். இலை, மகரந்தம், ஜாடித் தண்ணி, எது உள்ள போனாலும் பூனையோட கிட்னி காலி. பாவம், மூஞ்சி சுருங்கிடுச்சு. இப்பல்லாம் பூ வாங்கறதுக்கு முன்னாடியே போட்டோ அனுப்பிக் கேட்டுக்கறா.

பொட்டியில குறையும் இருக்கு. கைப்பிடி ஒரு பக்கமா இழுக்குது, மணியோட தூக்கிட்டு மாடி ஏறினா தோள்பட்டை போயிடும். காத்து ஓட்டைகள்ல முடி அடைஞ்சு டூத் பிரஷ் போட்டுத் தேய்ச்சாதான் வருது. ஓரத்து கிளிப்ல ரெண்டு, மூணாம் மாசமே லூஸ், ஸ்பேர் கேட்டா வித்தவங்ககிட்ட இல்ல, ரெண்டுக்கும் கேபிள் டை போட்டு இறுக்கியிருக்கேன். டாக்டர்கிட்ட போனா மட்டும் அதை வெட்டிட்டுத் திரும்ப மாட்டணும்.

புதுசு வாங்கிடலாமான்னு இவர் கேட்டார். எப்படி வாங்கறது, பகல்ல மணி தூங்கறான், ராத்திரி அவன் எழுந்து போனதும் குண்டு தலையை மட்டும் உள்ள விட்டுக்கிட்டு மிச்ச உடம்பை ஹால்ல போட்டுத் தூங்கறான்.