மூன்று வருடம், 11,000 கி.மீ.: கிராவல் சைக்கிளில் இரட்டை செயின்ரிங்

நான் இருப்பது பொள்ளாச்சியில். மண் பாதையிலும் ஓடும் கிராவல் சைக்கிள் வாங்கும்போது முன்னால் ஒரு செயின்ரிங்கா (மிதியோடு சுற்றும் பற்சக்கரம்), இரண்டா என்று ஒரு மாதம் குழம்பினேன். கூட ஓட்டுகிறவர்கள் எல்லோரும் ஒற்றையைத்தான் சொன்னார்கள். செயினை ஒரு ரிங்கிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் முன் டீரெய்லர் தொல்லை இல்லை, சேறு அடைக்காது. எனக்கும் ஆசைதான். ஆனால் மாதம் ஒருமுறையாவது ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறுகிறவன் நான். 40 கொண்டை ஊசி வளைவுகள். அதனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஷிமானோவின் கிராவல் கியர் தொகுதியான ஜிஆர்எக்ஸ் 11 ஸ்பீடில் ஒற்றை என்றால் முன்னால் 40 பல், பின்னால் 11 முதல் 42 பல் வரை உள்ள கேசட் (பின் சக்கரத்தின் பற்சக்கர அடுக்கு). மிக லேசான கியர் 0.95, அதாவது மிதி ஒரு சுற்று சுற்றினால் பின் சக்கரம் 0.95 சுற்று. இரட்டையில் 46/30-உம் 11-34-உம். லேசான கியர் 0.88. நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் முதலாவதில் மணிக்கு 8.8 கி.மீ., இரண்டாவதில் 8.2. இவ்வளவுதானா என்று தோன்றும். நண்பரின் ஒற்றை ரிங் வண்டியில் ஒருமுறை பைகளைக் கட்டிக்கொண்டு ஏறினேன். முப்பதாவது வளைவுக்கு மேல் முட்டி அந்த வித்தியாசத்தைச் சொல்லிவிட்டது.

பல் இடைவெளி இன்னும் முக்கியம். 42 கேசட்டில் 28, 32, 37, 42 என்று தாவும். 34-இல் 25, 27, 30, 34. ஏற்றத்தில் மூச்சும் காலும் ஒரே தாளத்தில் போக இதுதான் உதவுகிறது. இரட்டை வாங்கியதில் இன்றுவரை வருத்தமில்லை.

வருத்தம் முதல் செயினில்தான். அளந்து பார்க்காமலே 5,200 கி.மீ. ஓட்டிவிட்டேன். செயின் எத்தனை சதவீதம் நீண்டிருக்கிறது என்று அளக்கும் செயின் செக்கரின் 0.75 முனை தடையே இல்லாமல் உள்ளே இறங்கியது. 11 ஸ்பீடுக்கு 0.5-லேயே மாற்றியிருக்க வேண்டும். புதுச் செயின் போட்டு எழுந்து மிதித்தால் 15, 17 பற்களில் டக்கென்று வழுக்கியது. கேசட்டும் தேய்ந்து போயிருந்தது. சரி, அதையும் மாற்றக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து கையால் ஆட்டினால் கேசட் கடகடவென்று ஆடுகிறது. இந்த 11-34-ஐ 11 ஸ்பீடு ரோடு ஃப்ரீஹப்பில் (கேசட் மாட்டும் பின் சக்கர உருளை) போடும்போது பின்னால் 1.85 மி.மீ. ஸ்பேசர் வளையம் வேண்டும். கடையில் அதைப் போடாமல் விட்டிருந்தார்கள். நீங்கள் மாற்றினால் பழைய வளையத்தை முதலில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

அப்புறம் கிளட்ச், செயின் தளர்ந்து ஆடாமல் பிடித்துக்கொள்ளும் பாகம். பின் டீரெய்லரில் இருக்கும் அதன் சின்ன நெம்பை சக்கரம் கழற்றும்போது அணைத்தால், திரும்ப மாட்டியதும் போட மறக்கக் கூடாது. மறந்தால் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் கரையின் கற்களில் செயின் ஃப்ரேமை அடித்துக்கொண்டே வரும்.

அந்தக் கரையின் செம்மண் தூசி எண்ணெயோடு சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி அரைக்கிறது. இரண்டாவது செயினிலிருந்து பாரஃபின் மெழுகுக்கு மாறிவிட்டேன். புதுச் செயினின் கிரீஸை முழுசாகக் கழுவிவிட்டு, கொதிநீருக்குள் வைத்த பாத்திரத்தில் மெழுகை உருக்கி முக்குகிறேன். 300 கி.மீ.க்கு ஒருமுறை இந்த வேலை உண்டு. மழையில் நனைந்தால் மறுநாளே கீச்சிடும், உடனே திரும்ப முக்க வேண்டும். ஆனால் செயினைத் தொட்டால் விரலில் கறுப்பு ஒட்டுவதில்லை, 4,000 கி.மீ. கடந்தும் செக்கரின் 0.5 முனை இன்னும் இறங்கவில்லை.

2023-இல் வந்த 12 ஸ்பீடில் அதே 46/30-க்குப் பின்னால் 36 பல் போடலாம், 0.83 கிடைக்கும். ஷிஃப்டர், டீரெய்லர், கேசட், செயின் எல்லாம் மாற்ற வேண்டும். இப்போதிருக்கும் ஷிஃப்டர்கள் நன்றாக இருக்கும்வரை மாற்றப்போவதில்லை.