கவாத்துக் கத்தரியை (செடிகொடிகளின் கிளை நறுக்கும் கத்தரியை) தீட்ட ஏற்றது எது: அரமா, சாணைக்கல்லா, வைரத் தகடா?

கூரான அலகு வெட்டிய கிளையில் காயத்தின் விளிம்பு வழவழப்பாக இருக்கும்; பட்டைக்கு அடியிலுள்ள வளர்திசு அங்கிருந்தே பெருகிக் காயத்தை மூடத் தொடங்கும். மழுங்கிய அலகோ தண்டை நசுக்கிப் பட்டையை நார்நாராகக் கிழிப்பதால், நைந்த பகுதி காய்ந்து, பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் வழிவிடுகிறது. எனவே சாணை பிடிக்கும் முறைகளை வெட்டுவாயைப் பார்த்தே எடைபோட வேண்டும்.

மண்வெட்டிக்கும் கனமான அரிவாளுக்கும் அரமே போதும். முன்னோக்கித் தள்ளும்போது மட்டுமே அது வெட்டும். அழுத்தி பின்னால் இழுத்தால் அரத்தின் பற்கள்தான் தேயும். நல்ல கவாத்துக் கத்தரியின் கடினமான எஃகில் அந்தப் பற்கள் எளிதில் பிடிப்பதில்லை. பிடித்தாலும் கரடுமுரடான வெட்டுவாயையே விட்டுச் செல்லும்.

சாணைக்கல் மிக நேர்த்தியான கூர்மையைத் தரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பெரிய தட்டைக் கல்லில் வளைந்த அலகை வைத்துத் தீட்டுவது கடினம். மேலும், நீரில் நனைத்துத் தீட்டும் நீர்க்கல் நாளடைவில் நடுவில் குழிந்துவிடும். வைரத் துகள் பதித்த, உள்ளங்கையில் அடங்கும் வைரத் தகடு குழிவதில்லை, கடின எஃகையும் பிடிக்கும், அலகின் வளைவோடு சேர்ந்து நகரும். கத்தரிக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது இதைத்தான். பிசினைத் துடைத்த பிறகே தீட்ட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

சாய்வாக உள்ள முகத்தில் மார்க்கர் பேனாவால் மை தடவிவிட்டு, ஏற்கெனவே உள்ள சாய்விலேயே தீட்டுங்கள். மை எங்கே அழியாமல் நிற்கிறதோ அங்கே கோணம் தவறியிருக்கிறது என்று பொருள். தீட்டி முடித்ததும் மறுபக்கத்தில் விரலுக்கு ஒரு பிசிர் தட்டுப்படும். அந்தத் தட்டையான பக்கத்தில் தகட்டை முழுதாகப் படியவைத்து, ஓரிருமுறை மெல்ல இழுத்தால் போதும். அங்கும் சாய்வு உண்டாக்கினால், ஒன்றையொன்று உரசிச் செல்லும் இரண்டு அலகுகளுக்கிடையே இடைவெளி விழுந்து, மெல்லிய தண்டு வெட்டுப்படாமல் மடிந்து சிக்கும்.

மின்சாணைச் சக்கரத்தை, வாய் ஆழமாகப் பல்லுப்பல்லாகச் சிதைந்த கனமான கருவிகளுக்கு மட்டும் ஒதுக்கிவிடலாம். அதன் சூட்டில் எஃகு நீலம் பாய்ந்தால் பதம் போய்விடும், பிறகு எத்தனைமுறை தீட்டினாலும் கூர் நிலைக்காது.

எந்த முறையைத் தேர்ந்தாலும் அது கிருமிநீக்கம் ஆகாது. நோயுற்ற செடியை வெட்டியபின், அடுத்த செடிக்குப் போகுமுன் 70 சதவீத ஆல்கஹாலால் அலகைத் துடைத்தே ஆக வேண்டும்.