கழிவுநீரில் கன உலோகங்கள்: ஆய்வகப் பரிசோதனையா, தொடர் கண்காணிப்புக் கருவியா?

தொழிற்சாலைக் கழிவுநீரில் ஈயம், காட்மியம், தாமிரம் போன்றவற்றை அளக்க, மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அல்லது வெளியேற்றும் இடத்திலேயே கருவியைப் பொருத்தித் தொடர்ந்து அளக்கலாம்.

நுட்பத்தில் ஆய்வகமே முந்தி நிற்கிறது. மாதிரியை மிகச் சூடான பிளாஸ்மாவில் அயனிகளாக்கி, நிறையை வைத்துப் பிரித்தறியும் ஐசிபி-எம்எஸ் கருவி ஒரே ஓட்டத்தில் பல உலோகங்களை, லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கும் குறைவான அளவில்கூடக் கண்டறியும். ஆனால் முடிவின் தரம் மாதிரிப் பாட்டிலிலேயே தீர்மானமாகிவிடுகிறது: நைட்ரிக் அமிலம் சேர்த்து பி.எச். அளவை 2-க்குக் கீழே கொண்டுவராவிட்டால், உலோகத்தின் ஒரு பகுதி பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொண்டு, உண்மையைவிடக் குறைந்த அளவே அறிக்கையில் ஏறும். குரோமியத்தின் நச்சுமிக்க வடிவமான அறுமதிப்புக் குரோமியத்துக்கோ அதே அமிலம் ஆகாது. அது மும்மதிப்பு வடிவத்துக்கு மாறிவிடக்கூடும் என்பதால், தனி மாதிரியைக் காரநிலையில் பாதுகாக்க வேண்டும்.

தொடர் கண்காணிப்புக் கருவிகளில் ஒரு வகை, மின்முனையில் உலோகத்தைப் படியவைத்து, மீண்டும் கரைக்கும்போது எழும் மின்னோட்டத்திலிருந்து செறிவைக் கணக்கிடுகிறது. நள்ளிரவில் திறந்துவிடப்படும் முலாம்பூச்சுத் தொட்டியின் கழிவு, காலையில் எடுக்கும் மாதிரியில் தெரியாது. நாள் முழுதும் சிறிது சிறிதாக எடுத்துக் கலக்கும் 24 மணி நேரக் கூட்டு மாதிரியிலும் சராசரிக்குள் கரைந்துபோகும். அதைக் கையும் களவுமாகப் பிடிப்பது இக்கருவிதான். எண்ணெயும் சோப்புப் பொருள்களும் மின்முனையை மூடிவிடும் என்பதும், உலோகத்தை இறுகப் பற்றிக்கொள்ளும் வேதிப்பொருளான ஈடிடிஏ-வுடன் பிணைந்த உலோகம் முன்கூட்டியே சிதைக்கப்படாவிட்டால் கணக்கில் வராது என்பதும் இதன் பெருங்குறைகள்.

ஆகவே, கழிவு சீராக வெளியேறும் ஆலைக்கு ஆய்வகமே போதும் என்பது என் கருத்து. தொகுதி தொகுதியாகக் கழிவை வெளியேற்றும் ஆலையில் கருவி கட்டாயம் இருக்க வேண்டும். அளவு கூடியதும் தானியங்கி மாதிரி எடுப்பானை அதுவே இயக்குமாறு இணைத்துவிட்டால், ஆய்வகத்துக்கும் சரியான மாதிரி போய்ச் சேரும்.