இரிடியமா, நிக்கலா: கொழிஞ்சாம்பாறைத் தண்ணீர் சொன்னது

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் கல்லூரி ஆய்வகத்துக்குத் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் சின்னக் கருவி தேவைப்பட்டது. முதலில் பெம் (PEM) செல் ஒன்றை, அதாவது நடுவே ஹைட்ரஜன் அயனியைக் கடத்தும் சவ்வு உள்ள வகையை, ரெடிமேடாக வாங்கினோம். அப்புறம் காரக் கரைசலில் ஓடும் செல்லை நாங்களே கட்டினோம். என் ஓட்டு இரண்டாவதுக்கு.

பெம் கைக்கு அடக்கம், சோலாரில் ஓட்டும்போது வெயில் ஏறி இறங்கினாலும் ஈடுகொடுக்கும். சரி. ஆனால் அதன் சவ்வு அமிலத்தன்மை கொண்டது. அதில் கரையாமல் தாக்குப்பிடிக்க ஆக்சிஜன் வரும் ஆனோடில் (நேர்மின் முனையில்) இரிடியம் என்ற அரிய உலோகத்தைப் பூசவேண்டும். உலகம் முழுக்க வருடத்துக்கு 7, 8 டன்தான் கிடைக்கிறது. பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவில் பிளாட்டினத்தோடு ஒட்டிக்கொண்டு வருவது.

விலைகூடப் பரவாயில்லை, எங்களைக் கவிழ்த்தது தண்ணீர். எங்கள் போர்வெல் தண்ணீரில் பருப்பு வேகாது. செல்லுக்கு உப்பு நீக்கிய பேட்டரித் தண்ணீர்தான் ஊற்றவேண்டும்; அது தீர்ந்த ஒருநாள் யாரோ குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டார்கள். கால்சியமும் மக்னீசியமும் சவ்வுக்குள் புகுந்து, ஹைட்ரஜன் அயனியின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. குமிழி மெலிந்து நின்றே போனது. ஆசிட் விட்டுக் கழுவினால் மீளும் என்றார்கள், எங்களுக்கு மீளவில்லை.

கார செல்லிலும் பேட்டரித் தண்ணீர்தான். ஆனால் தப்பு நடந்தால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை மாற்றி, தகட்டைக் கழுவிப் பூட்டிவிடலாம்.

தகட்டுக்கு முதலில் கோவையில் வாங்கிய எவர்சில்வர். மலிவு. மூன்றாம் நாள், "சார், தண்ணி மஞ்சளாப் போச்சுங்க" என்றான் ஒரு பையன். ஆனோடிலிருந்து குரோமியம் குரோமேட்டாகக் கரைகிறது, புற்றுநோய் தரும் சரக்கு. பசுமை ஹைட்ரஜன் என்று பேர் வைத்துவிட்டு இதை எந்தத் தென்னந்தோப்பில் கொட்டுவது? நிக்கல் வலைக்கு மாறினோம். காரத்தில் நிக்கல் தன்மேல் தானே ஒரு ஆக்சைடு படலம் போட்டுக்கொள்ளும்; அதுவே காவல், அதுவே வினையூக்கி. கரைசலில் துளி இரும்பு கலந்தால் ஆக்சிஜன் இன்னும் சுலபமாக வரும். அழுக்கே உதவிக்கு வரும் இடம் வேதியியலில் அபூர்வம்!

தொல்லையும் உண்டு. கரைசல் பட்டால் தோல் வெந்துபோகும், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் யாரையும் கிட்டே விடுவதில்லை. வெயில் மங்கி மின்னோட்டம் தாழ்ந்தால் ஆக்சிஜனில் கலக்கும் ஹைட்ரஜனின் பங்கு கூடும், வெடிக்கும் ஆபத்து. அதனால் சோலார் பேனலில் நேரடியாக மாட்டவில்லை. நாங்கள் ஓட்டியது ஆறு மாதம், உள்ளங்கை அளவு செல். மெகாவாட் ஆலைக்கும் இதே கணக்கு என்று அடித்துச் சொல்லமாட்டேன்.

செத்த பெம் செல்லைப் பிரித்துவைத்திருக்கிறோம், சவ்வு எப்படி இருக்கும் என்று முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் காட்ட.